இருபத்திரண்டு படி

மாடி,
மார்ச் 4.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நலம் என்று ஆரம்பிக்க ஆசைதான், ஆனால் அது இல்லாததைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. காலையில் வாசலில் நின்று, கார் கற்றுக்கொள்ள வந்த ஒரு வக்கீலைப் பார்த்து "கிளட்ச், கிளட்ச்" என்று நீ கத்தியது மாடிவரை கேட்டது. தொண்டை நன்றாகவே இருக்கிறது.

நேற்று ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் என் குடலிலிருந்து எடுத்தார்களே, அந்தப் புற்றுநோய் இப்போது நுரையீரலுக்குக் குடிபோயிருக்கிறது. வலது பக்கம் இரண்டு புள்ளி, இடது பக்கம் ஒன்று. டாக்டர் மில்லிமீட்டரில் சொன்னார், நான் பொத்தானில் புரிந்துகொண்டேன். ஒன்று சட்டைப் பொத்தான், மற்ற இரண்டும் குழந்தைச் சட்டைப் பொத்தான்.

மூன்றையும் அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார். முதலில் வலது, ஆறு வாரம் கழித்து இடது. நெஞ்சைப் பிளக்க மாட்டாராம், விலா எலும்புக்கு நடுவில் மூன்று துளை போடுவாராம். புள்ளியைச் சுற்றி நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து வெட்டுவாராம். அது எனக்கு உடனே புரிந்தது. ஓரம் விட்டு வெட்டத் தெரியாதவர் கையில் யார் துணியைக் கொடுப்பார்கள்? எந்த நூலில் தைப்பீர்கள் என்று கேட்டேன். தைக்க மாட்டாராம். ஸ்டேப்ளர் அடிப்பாராம். நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவளுக்குக் கடைசியில் ஸ்டேப்ளர். அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டும் தோளில் ஒரு இஞ்ச் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவர் சொன்னதில் பாதியை விட்டுவிட்டேன்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டு மனிதர் ஒருவரோடு வரச் சொன்னார். தம்பி இருக்கிறான், எங்கள் வீட்டிலேயே கீழ்ப் பகுதியில்தான் குடியிருக்கிறான் என்றேன். அப்படியா, போன் போட்டுப் பேசுங்கள் என்று மேஜை போனை என் பக்கம் நகர்த்தினார். நானும் என் தம்பியும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை, ஜன்னலிலிருந்து கூடையில் கடிதம் இறக்கித்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது என்று படித்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவனுக்குக் காது கேட்காது என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே செவ்வாய்க்கிழமை உனக்குக் காது கேட்காது. மறந்து தொலைக்காதே.

அன்புடன்,
அக்கா

கூடையில் உன் மனைவியின் ஜாக்கெட் இரண்டு இருக்கிறது. தொளதொளவென்றிருந்த கையைப் பிடித்துத் தைத்துவிட்டேன் என்று சொல்.


கீழ் வீடு,
மார்ச் 4, மாலை.

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் மத்தியான வகுப்பை ரத்து செய்துவிட்டு காரிலேயே உட்கார்ந்திருந்தேன். பயமாக இருக்கிறது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் மனைவி கடிதத்தைப் படித்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் திட்டினாள். "மேல ஒருத்தி, கீழ ஒருத்தன். ரெண்டு பேரும் லெட்டர் போட்டுக்கிட்டே செத்துப் போங்க" என்றாள். சொன்ன பிறகு அந்தக் கடைசி வார்த்தைக்காக மறுபடி அழுதாள்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். காது கேட்காது, சரி. ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்குக் காது கேட்காது என்று நாளைக்கு அந்த டாக்டர் யாரிடமாவது சொன்னால் என் பிழைப்பு என்னாவது என்று நீ யோசித்திருக்கலாம். நீ எப்போது யோசித்தாய்.

இன்னொன்று. பேசமாட்டேன் என்று ஆரம்பித்தது நீ. அத்தான் போன பிறகு அவர் காரை நீயே ஓட்ட வேண்டும் என்றாய். முதலில் என் பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுத்தேன். எட்டாவது நாள் ஒரு பால் வேன் குறுக்கே வந்தது. என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்தேன், அது என் தொழில். நீ நடுரோட்டில் காரை விட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்து, 'அவனா வந்து பேசற வரைக்கும் நான் பேசமாட்டேன்' என்று என் மனைவியிடம் சொன்னாய். எனக்கும் ரோஷம் இருக்காதா?

ஸ்டேப்ளர் பற்றிக் கவலைப்படாதே. பிடித்து நின்றால் சரி.

இப்படிக்கு,
தம்பி


மாடி,
மார்ச் 10.

அன்புள்ள தம்பிக்கு,

முதலில், பால் வேன் இருபது அடி தள்ளி இருந்தது. இரண்டாவது, நீ பிரேக் போட்டதற்காக நான் இறங்கவில்லை. போட்டுவிட்டு ஒன்று சொன்னாய். அதை உன் கடிதத்தில் சௌகரியமாக விட்டுவிட்டாய். "உனக்கு இந்த ஜென்மத்துல வண்டி ஓட்ட வராது, இறங்கு" என்றாய். இறங்கினேன்.

இன்று ஆஸ்பத்திரியில் உன் நடிப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நர்ஸ் ட்ரேயைக் கீழே போட்டதும் முதலில் திரும்பிப் பார்த்தது நீதான். பிறகு அதை மறைக்க, ஏதோ அதிர்வு தெரிந்ததுபோலத் தரையைத் தடவிப் பார்த்தாய். அந்த நர்ஸ் பாவம், உன் காதருகே குனிந்து, மூன்று உருண்டை வைத்த மூச்சுப் பயிற்சி டப்பாவைப் பற்றி ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள். நீ அவள் முகத்தைப் பார்த்து அப்பாவியாகச் சிரித்தாய். எனக்கு வந்த சிரிப்பை அடக்கியதில் அவள் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஆனால் படி விஷயத்தை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். இருபத்தேழாம் தேதி ஆஸ்பத்திரியின் நாலு மாடியை நான் நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும். ஏறினால் நுரையீரல் வெட்டுத் தாங்கும், அடுத்த மாதம் ஏழாம் தேதி ஆபரேஷன். நடுவில் நின்றால் ஆபரேஷன் கிடையாது, மருந்து கொடுத்துப் பார்ப்பார்களாம். அந்த மருந்தைத்தான் போன தடவையே பார்த்தாயிற்றே.

நம் மாடிப்படி இருபத்திரண்டு. அதில் பதினாறாவது படியிலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. இது உனக்கு மட்டும்.

நீ வெளியே டாக்டரோடும் அவருடைய உதவியாளரோடும் பத்து நிமிடம் நின்றிருந்தாயே, என்ன சொன்னார்கள்?

அக்கா


கீழ் வீடு,
மார்ச் 11.

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் காது கேட்காதே, என்னிடம் என்ன சொல்லப்போகிறார்கள். காகிதத்தில் "தைரியமாக இருங்கள்" என்று எழுதிக் காட்டினார். கையெழுத்து மோசம்.

இனி பாடம். நாளையிலிருந்து காலை ஆறரை, மாலை ஐந்தரை. இருபத்திரண்டு படியை முதல் நாலு நாள் இரண்டு தடவை, அடுத்த ஐந்து நாள் மூன்று தடவை, பிறகு நாலு. இறங்கும்போது அவசரம் வேண்டாம். ஏறும்போது ஒரே சீராக, முதல் கியரில். ஆரம்பத்தில் வேகமாகப் போய்ப் பாதியில் இரைக்கிறவர்கள் மேட்டில் வண்டியை அணைத்துவிடுகிறவர்கள்தான், எனக்கு அவர்களை இருபத்தைந்து வருடமாகத் தெரியும். கைப்பிடியைத் தொடலாம், தொங்கக் கூடாது. நான் கீழே நிற்பேன். பேசமாட்டேன். கிளம்ப வேண்டும் என்றால் ஹாரன் ஒரு தடவை. போதும் என்றால் இரண்டு தடவை.

பக்கத்து வீட்டில் கேட்டால் வண்டி பழுது என்று சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி


மாடி,
மார்ச் 19.

அன்புள்ள தம்பிக்கு,

எட்டு நாளாக உன் ஹாரனுக்கு ஆடிக்கொண்டிருக்கிறேன். நேற்று எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, அந்த வண்டியை விற்றுத் தொலைக்கச் சொல்லி உன்னைக் கேட்டதும், நீ பவ்யமாகத் தலையாட்டியதும் மேலே தெரிந்தது. மனசு நிறைந்துவிட்டது.

ஒரு கெட்ட செய்தியும் அதற்கு ஒரு நல்ல முடிவும். அந்த மூன்று உருண்டை டப்பாவை ஒரு வாரமாக ஊதோ ஊதென்று ஊதினேன். ஓர் உருண்டைகூட அசையவில்லை. முந்தாநாள் மத்தியானம் மெஷினை மூடிவிட்டு உட்கார்ந்து அழுதேன். நுரையீரலில் காற்றே இல்லை, இனி படி ஏறி என்ன, ஏறாமல் என்ன என்று தோன்றிவிட்டது. யாருக்கு எந்தத் துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல்கூடப் போட்டுவிட்டேன். அப்போதுதான் உன் மனைவி வந்தாள். பார்த்தாள். "அண்ணி, அது ஊதறது இல்ல. இழுக்கறது" என்றாள்.

இழுத்தேன். இரண்டு உருண்டை ஏறியது.

உன் நடிப்பைப் பார்த்துச் சிரித்ததற்குத் தண்டனை ஒரு வாரம். பட்டியலைக் கிழித்துப் போட்டாயிற்று.

பதினாறாவது படியில் நான் தயங்கும்போதெல்லாம் கீழே உன் செருப்பு தரையில் அழுந்துகிற சத்தம் கேட்கிறது. நான் ஏறுகிறேன், நீ எதற்கு அங்கே பிரேக் மிதிக்கிறாய்? அந்தக் காலைக் கொஞ்சம் சும்மா வை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தான் வண்டியின் உறையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் என்ஜினை ஓட விடுகிறாயே, அதுவும் ஒன்பது வருடமாகக் கேட்கிறது. நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

அக்கா


கீழ் வீடு,
மார்ச் 20.

அக்காவுக்கு,

என்ஜினை ஓட விடாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். வேறு காரணம் எதுவும் இல்லை.

நாளையிலிருந்து நாலு தடவை.

தம்பி


மாடி,
மார்ச் 27, மாலை.

அன்புள்ள தம்பிக்கு,

நீ பேசிவிட்டாய்.

இதை முதலில் எழுத்தில் பதிவு செய்துவிடுகிறேன். நாளைக்கு இல்லை என்பாய். சாட்சிக்கு ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஆகியோர் இருக்கிறார்கள்.

முதல் மாடி சுலபமாக இருந்தது. இரண்டாவது மாடியில் நர்ஸ் என் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்துத் தலையாட்டினாள். மூன்றாவது மாடி திருப்பத்தில் கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். நெஞ்சுக்குள் பழைய தையல் மெஷின் சிக்கிக்கொண்டதுபோல ஒரு சத்தம். போதும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன், தம்பி. நர்ஸ் பேனாவைக் கையில் எடுத்தாள்.

அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து உன் குரல். "நிக்காத. போ. மெதுவா போ, ஆனா நிக்காத. வண்டி உன் கையிலதான் இருக்கு, போய்க்கிட்டே இரு."

ஒன்பது வருடத்தில் அந்தக் குரல் கொஞ்சம் கிழடு தட்டியிருக்கிறது. எப்படி ஏறினேன் என்று தெரியாது. நாலாவது மாடியில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பாஸ் என்றார். பிறகு உன்னைப் பார்த்தார். நீ கன்னத்தில் வழிந்த கண்ணீரோடு, என்னைப் பிடிக்கவும் தெரியாமல் விடவும் தெரியாமல் நின்றாய்.

"இவருக்குக் காது கேக்காதுன்னு சொன்னீங்களே, நான் பாஸ்னு சொன்னதும் அழறாரே" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே, காது இப்போதுதான் வந்தது என்றேன்.

என்னிடம் முதலில் பேசியது நீ. ஆகவே தோற்றது நீ. ஏழாம் தேதி ஆபரேஷன்.

வெற்றி பெற்ற
அக்கா


கீழ் வீடு,
மார்ச் 27, அதே மாலை.

அக்காவுக்கு,

பேசியது தம்பி இல்லை. கார் பயிற்சி ஆசிரியர். அது பழக்க தோஷத்தில் வாயில் வருவது, யார் மேட்டில் நின்றாலும் வரும். அந்த வக்கீலிடமும் அதையேதான் சொல்கிறேன், அவரோடு எனக்கு எந்த உறவும் இல்லை. ஆகவே போட்டி தொடர்கிறது.

கூடையில் சூப் இருக்கிறது. சூடாகக் குடி.

தம்பி


கீழ் வீடு,
ஏப்ரல் 6.

அன்புள்ள அக்காவுக்கு,

நாளைக் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். பை கட்டியாயிற்று. காரில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு உன்னை ஆபரேஷன் அறைக்குள் அனுப்ப என்னால் முடியவில்லை.

அன்றைக்கு வெளியே அந்த டாக்டர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உதவியாளரிடம் எல்லாவற்றையும் பேசினார். எனக்குத்தான் காது கேட்காதே. மூன்றையும் எடுத்தாலும் இத்தோடு முடிந்தது என்று சொல்ல முடியாது என்றார். பலருக்கு மறுபடி வரும் என்றார். படியில் நின்றுவிட்டால் பிறகு அதிக காலம் எதிர்பார்க்க முடியாது என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன், அக்கா. கேள்வி கேட்க ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தால் உன் பொய் வெளியாகிவிடும். அவர் 'தைரியமாக இருங்கள்' என்று எழுதிய காகிதத்துக்கு நன்றி என்று கையைக் காட்டிவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து உன்னோடு சேர்ந்து நானும் கீழே நின்றபடியே படி ஏறினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு வண்டி ஓட்ட வராது என்று சொன்னது பொய். வந்துகொண்டிருந்தது. என்னிடம் கற்றவர்களில் எட்டு நாளில் அவ்வளவு சுத்தமாகக் கியர் மாற்றியவர் கிடையாது. அத்தான் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பால் வேனைப் பார்த்ததும் நீயும் போய்விடுவாயோ என்று பயந்துவிட்டேன். பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரியாமல் கோபமாகச் சொன்னேன். அதைத் திருத்த ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடு.

நாளை காரில் போகும்போது இதைப் பற்றிப் பேச வேண்டாம். என்னால் ஓட்ட முடியாது.

தம்பி


மாடி,
ஏப்ரல் 19, ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கையை முழுதாக நீட்டினால் விலாவில் யாரோ கிள்ளுகிறார்கள். மற்றபடி நலம். இந்தத் தடவை அந்த வார்த்தையை நம்பி எழுதுகிறேன்.

டாக்டர் நேற்று போன் செய்தார். வலது பக்கத்துப் பொத்தான் இரண்டும் சுத்தமாக வந்துவிட்டன, வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை என்று பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். ஸ்டேப்ளரும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இடது பக்கம் மே மாதக் கடைசியில். அதற்கும் படி ஏற வேண்டுமாம். அவருடைய கோட்டை டிஸ்சார்ஜ் அன்றைக்கே கேட்டு வாங்கி வந்துவிட்டேன். தோளைப் பிரித்து அளவாகத் தைத்துத்தான் தருவேன். அடுத்த தடவை என்னை வெட்டும்போது அவர் அளவாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாய். விலாவில் செருகிய குழாயோடு கிடந்ததில் எனக்குப் பேச மூச்சு இல்லை. உனக்கு வாயெல்லாம் மூச்சு இருந்தும் அந்தப் பாழாய்ப்போன போட்டிக்காகச் சீட்டில் "வலிக்கிறதா" என்று எழுதிக் காட்டினாய். நான் கண்ணை மூடினால் ஆம், திறந்தால் இல்லை. அந்த மெஷின் கீச்சென்று கத்தும்போதெல்லாம் உன் வலது கால் தரையை அழுத்தியது. நர்ஸ் உனக்குக் கால் நரம்பில் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். முதலில் காது, இப்போது கால். இந்தக் குடும்பத்தில் நான்தான் ஆரோக்கியமானவள் என்று நினைத்திருப்பார்.

உன் ஆறாம் தேதிக் கடிதத்தை ஆபரேஷன் அறை வாசல்வரை கையில் வைத்திருந்தேன். பிறகு உன் மனைவியிடம் கொடுத்தேன். அதற்கு இப்போதுதான் பதில்.

மறுபடி வரலாம் என்பது எனக்கு மார்ச் மூன்றாம் தேதியே தெரியும். முதல் நாளே டாக்டரிடம் நேராகக் கேட்டேன், நேராகச் சொன்னார். உன்னிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டாய் என்று நான் மறைத்தேன். நீ என்னிடம் மறைத்தாய். அந்த மனிதர் ஒரே உண்மையை இரண்டு பேரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், நாம் இரண்டு பேரும் அதை ஒருவருக்கொருவர் மறைக்க நாலு வாரம் பாடுபட்டிருக்கிறோம். ஒரு வீட்டில் இருப்பவர்கள் பேசிக்கொண்டிருந்தால் இது அரை மணி நேரத்தில் முடிகிற அழுகை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, தம்பி. வந்தால் மறுபடி ஏறலாம். ஆனால் தனியாக மேலே உட்கார்ந்து பயப்பட எனக்கு இனிமேல் இஷ்டமில்லை.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். அந்தப் பால் வேன் இருபது அடி இல்லை, எட்டு அடிதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலையும் வண்டியின் உறையை எடுத்து என்ஜினை ஓட விட்டாய். பத்து நிமிடம் ஆகியும் நீ இறங்கவில்லை என்று ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஓட்டுநர் இடத்தில் உட்காராமல் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்தாய்.

இந்தக் கடிதத்தை உன் மனைவிதான் கொண்டுவந்து தருவாள். ஆறு வாரம் கையால் எதையும் இழுக்கக் கூடாது என்று உத்தரவு. கயிற்றை அவிழ்த்துக் கூடைக்குள் போட்டுவிட்டேன். இனி நீ எழுதும் கடிதத்தை மேலே இழுக்க ஆள் இல்லை. பதில் சொல்ல வேண்டும் என்றால் நீயே வந்து வாயால் சொல். வரும்போது வண்டிச் சாவியையும் எடுத்து வா. இடது பக்கமும் முடிந்ததும் எனக்கு ஒன்பதாவது நாள் பாடம் பாக்கி இருக்கிறது.

இருபத்திரண்டு படிதான். பதினாறாவதில் உனக்கும் மூச்சு வாங்கும். நிற்காமல் ஏறு.

உன்,
அக்கா